காட்டுக்குப் போன பணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். 2021 மே மாதம் எங்கள் வார்டில் ஒரு ஆக்ஸிஜன் படுக்கை காலியாகாதா என்று வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றதைப் பார்த்தவள். கென்யாவின் மசாய் மாரா பற்றிய உங்கள் கட்டுரையில், கொரோனா நேரத்தில் அந்த அரசு வனவிலங்குப் பகுதிகளுக்கு அவசர நிதி ஒதுக்கியதைப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மனிதர்கள் மூச்சுக்குத் தவிக்கும்போது சிங்கத்துக்கு எதற்குப் பணம்? ஆள் நடமாட்டம் இல்லையென்றால் விலங்குகள் நிம்மதியாகத்தானே இருந்திருக்கும்? இன்னொரு சந்தேகம்: மாடும் சிங்கமும் அங்கே ஒரே நிலத்தில் எப்படி இருக்கின்றன?

கே.

அன்புள்ள கே.,

அந்த வார்டில் நின்ற ஒருவர் கேட்கும்போது மேலோட்டமாகப் பதில் சொல்லக் கூடாது. அதனால்தான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி காட்டைக் காக்கும் ஆட்களின் சம்பளம். இதைக் கட்டுரையில் விளக்காமல் விட்டது என் தவறுதான். மாராவில் அரசுக் காப்பகம் 1,510 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டி வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கும் புல்வெளி, மாடு மேய்த்து வாழும் மசாய் இனக் குடும்பங்களின் சொந்த நிலம். முன்பு கூட்டு மேய்ச்சல் நிலமாக இருந்ததைப் பிறகு ஆளுக்கு இத்தனை ஏக்கர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். கொய்யாக்கி பகுதியில் ஒருவருக்குச் சுமார் 150 ஏக்கர் வந்தது. தன் பங்கை ஒருவர் வேலி போட்டு அடைக்கலாம், விற்கலாம், உழவுக்கு விடலாம். அப்படிச் செய்யாமல் பக்கத்து நிலங்களோடு சேர்த்து, சுற்றுலா முகாம்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். இதைத்தான் கன்சர்வன்சி என்கிறார்கள். 2010இல் தொடங்கிய நபோய்ஷோ என்ற கன்சர்வன்சியில் 500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஏறக்குறைய 50,000 ஏக்கரை ஒன்றாக்கியிருக்கின்றன. மாதம் பிறந்தால் குத்தகை வரும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அதிலிருந்துதான்.

2020 மார்ச் 25 அன்று கென்யா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. மறுபடி பறக்க ஆகஸ்ட் 1 ஆயிற்று. முகாம்கள் காலி. பல இடங்களில் குத்தகையைக் குறைத்தார்கள். அந்த நிலையில் ஒரு குடும்பத் தலைவர் என்ன யோசிப்பார்? மரத்தூணும் நாலு வரிசைக் கம்பியும் வாங்கித் தன் பங்கை அடைக்கலாமா என்றுதான். அவர் அடைத்தால் பக்கத்துக்காரரும் அடைப்பார். வில்டிபீஸ்ட் என்ற பெரிய மான்களும் வரிக்குதிரைகளும் தலைமுறை தலைமுறையாக நடந்த தடம் அங்கே அறுந்துவிடும். விமானம் திரும்பி வந்த பிறகும் அந்தக் கம்பி அங்கேயேதான் நிற்கும். அவசரம் என்று நான் சொன்னது இதைத்தான்.

தொகையையும் பாருங்கள். 2020 மே 23 அன்று அதிபர் உஹுரு கென்யாட்டா அறிவித்த மீட்புத் திட்டம் 5,370 கோடி ஷில்லிங். அதில் 160 கன்சர்வன்சிகளுக்கு 100 கோடி, 5,500 கிராமக் காவலர்களுக்கு 100 கோடி. நூறு ஷில்லிங்கில் நான்குகூட இல்லை. அதே அறிவிப்பில் 5,000 சுகாதாரப் பணியாளர்களைப் புதிதாக எடுக்கவும் திட்டம் இருந்தது. உங்கள் இலையிலிருந்து எடுத்துக் காட்டுக்குப் பரிமாறவில்லை.

விலங்குகள் நிம்மதியாக இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரடங்கில் நாமெல்லாரும் அப்படித்தான் ஆசைப்பட்டோம். ஆனால் ஆள் வராத காட்டில் சுருக்குக் கம்பி வருகிறது. பழைய பிரேக் வயரோ வேலிக் கம்பியோ போதும். தண்ணீருக்குப் போகும் தடத்தில், மானின் கழுத்து உயரத்தில், புதரோடு புதராகக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாலடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய விலங்கு முன்னால் இழுக்க இழுக்க இறுகும். அதை எடுக்க ஆட்கள் புதர் புதராக நடக்க வேண்டும். நம் ஊரில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் செய்யும் அதே வேலை. நடப்பவருக்கு மாதச் சம்பளம் வராவிட்டால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது.

பக்கத்து நாடான உகாண்டாவில் இதன் விலை தெரிந்தது. ப்விண்டி காட்டில் கொரில்லா பார்க்க வருபவர்கள் மார்ச்சோடு நின்றார்கள். ஜூன் தொடக்கத்தில் ரஃபிகி என்ற 25 வயது ஆண் கொரில்லாவின் உடலைக் கண்டெடுத்தார்கள். வயிற்றில் ஈட்டிக் குத்து. 17 கொரில்லாக்கள் கொண்ட குழுவுக்கு அவன்தான் தலைவன். பிடிபட்டவர் சிறு விலங்கு வேட்டைக்குப் போனதாகவும், கொரில்லா பாய்ந்ததால் குத்தியதாகவும் சொன்னார். 11 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ரஃபிகிக்காகவும் வலித்தது, இறைச்சிக்காக ஈட்டியோடு காட்டுக்குள் போன அந்த மனிதரின் வீட்டை நினைத்தும் வலித்தது.

ஒன்றில் நீங்கள் என்னோடு இன்னும் கடுமையாகச் சண்டை போட்டிருக்கலாம். ஒரு காட்டின் வருமானம் முழுவதையும் வெளிநாட்டுப் பயணியின் விமான டிக்கெட்டில் கட்டி வைத்தது யார்? மாராவின் சில கன்சர்வன்சிகளுக்குக் குத்தகை கொடுக்கக் கடனாகப் பணம் வந்தது. கடன் என்றால் நாளைய பயணிகளின் கட்டணத்திலிருந்து அடைக்க வேண்டும். பெருந்தொற்றுக்குக் காரணமில்லாத ஒரு மேய்ச்சல்காரர் தலையில் அந்தச் சுமையை வைத்தது சரியில்லை. மானியமாகவே கொடுத்திருக்க வேண்டும். நல்ல ஆண்டுகளில் முகாம்கள் சம்பாதிப்பதில் ஒரு பங்கை இப்படிப்பட்ட காலத்துக்கென்று எடுத்து வைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

மாடும் சிங்கமும் பற்றிக் கேட்டீர்கள். எந்தப் பக்கம் எப்போது மேய்க்கலாம் என்று கன்சர்வன்சியில் முறை வைத்திருக்கிறார்கள். இரவில் மாடுகளைப் பட்டியில் அடைத்துக் காவல் இருப்பார்கள். சிங்கம் சில சமயம் பட்டிக்குள் குதித்துவிடும். அந்த இழப்பு உண்மையானது. ஆனால் பட்டியை வேறு இடத்துக்கு மாற்றிய பின் பாருங்கள், சாணம் மிதிபட்ட அந்த மண்ணில் மழைக்குப் பிறகு புல் குட்டையாக, இனிப்பாக முளைக்கும். கெசல் மான்கள் அதைத் தேடி வரும். எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்டவெளி, சிங்கம் ஒளிய இடமில்லை.

அன்புடன்.