பழம் சேர்த்த பச்சை சாலட் சொதசொதத்துப் போகாமல், வீட்டிலேயே செய்த டிரெஸ்ஸிங்கோடு தயாரிப்பது எப்படி?

சொதசொதப்புக்குப் பலரும் டிரெஸ்ஸிங்கைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி, இலையில் தங்கிய தண்ணீர். ஈர இலையில் எண்ணெய் ஒட்டாது. வழுக்கிக்கொண்டு போய்க் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும்.

நாலு பேருக்கு 150 கிராம் லெட்டூஸ் போதும். இலை வாடியிருந்தால் ஐஸ் தண்ணீரில் 10, 15 நிமிடம் போடுங்கள், நிமிர்ந்துகொள்ளும். அகலமான பாத்திரத்தில் முக்கி அலசி, இலையை மேலாக அள்ளி எடுங்கள். தண்ணீரோடு சேர்த்து வடிதட்டில் கவிழ்த்தால், அடியில் தங்கிய மண் திரும்பவும் இலைமேலேயே விழும். வடித்ததைப் பருத்தித் துணியில் பரப்பி, தளர்வாகச் சுருட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிறகு தடித்த நரம்போரமாக ஒரு இலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் இன்னும் காயவில்லை.

டிரெஸ்ஸிங்குக்கு மூடியுள்ள கண்ணாடி பாட்டில்தான் வசதி. முதலில் 1 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் டீஸ்பூன் உப்பு. உப்பு எண்ணெயில் கரையாது என்பதால் சாற்றிலேயே கரைத்துவிட வேண்டும். அடுத்து அரை டீஸ்பூன் தேன், அரை டீஸ்பூன் மஸ்டர்ட் சாஸ், கொஞ்சம் மிளகுத்தூள். கடைசியாக 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நிறம் மங்கிக் கொழகொழவென்று வரும்வரை குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் சட்டென்று பிரியாமல் பிடித்துவைப்பது மஸ்டர்ட்தான். அதை விட்டுவிட்டால் பரிமாறுவதற்குள் பிரிந்துவிடும். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயில் கசப்பு ஏறலாம். ருசி பார்ப்பதும் கரண்டியில் அல்ல, ஒரு இலையைத் தோய்த்து. வெறுமனே நக்கிப் பார்த்தால் புளிப்பாகத்தான் தெரியும், உடனே தேனை அள்ளி ஊற்றத் தோன்றும். பழத்தின் இனிப்பு இன்னும் சேரவில்லை என்பதை மறக்காதீர்கள்.

பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், மாதுளை மூன்றும் தொல்லை தராதவை. ஆப்பிளை நறுக்கியதும் எலுமிச்சைச் சாற்றில் பிரட்டிவிட்டால் சீக்கிரம் கறுக்காது. ஆரஞ்சு என்றால் சுளைத்தோலையும் உரித்து, விதை நீக்கி, வடிதட்டில் ஐந்து நிமிடம் வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிந்த சாறு டிரெஸ்ஸிங்குக்கு ஆகும். தர்பூசணியை நான் இந்த வகை சாலட்டில் சேர்க்கவே சொல்ல மாட்டேன், அவ்வளவு தண்ணீர் விடும். சமைக்காத அன்னாசியையும் கிவியையும் தயிர், சீஸோடு கலந்து வைக்காதீர்கள். அவற்றிலுள்ள நொதிகள் பால் புரதத்தைச் சிதைப்பதால் நேரம் ஆக ஆகக் கசக்கும்.

கலப்பது சாப்பிட உட்காரும்போது மட்டும். உப்பு இலையிலிருந்து நீரை இழுக்கும், எண்ணெய் உள்ளே ஊறி இலையைத் துவளவைக்கும். அரை மணி நேரம் முன்பே கலந்தால் அவ்வளவுதான். முதலில் இலை மட்டும். டிரெஸ்ஸிங்கில் 2 மேசைக்கரண்டியைக் கிண்ணத்தின் ஓரமாக ஊற்றி, கையால் அடியிலிருந்து மெதுவாகப் புரட்டுங்கள். இலை லேசாக மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. அதன் பிறகு பழம், வறுத்த வாதுமைக் கொட்டை, தேவைப்பட்டால் இன்னும் ஒரு கரண்டி டிரெஸ்ஸிங். பழத்தை முதலிலேயே போட்டால் புரட்டும்போது நசுங்கும், கனம் தாங்காமல் எல்லாம் அடிக்குப் போய்விடும்.

மிஞ்சிய டிரெஸ்ஸிங் ஃபிரிட்ஜில் நாலு நாள் தாங்கும். பூண்டு நசுக்கிப் போட்டிருந்தால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிரில் ஆலிவ் எண்ணெய் உறைந்து கட்டிகட்டியாகத் தெரிந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. கால் மணி நேரம் வெளியே வைத்துக் குலுக்கினால் சரியாகிவிடும்.