பலூன் ஊதிய வழக்கும் வேலைப் படிவமும்

அன்புள்ள அக்கா,

மகனின் வேலை விண்ணப்பத்துக்கு வழி கேட்கத் தருமபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு மணித்தியாலம் அவருடைய சான்றிதழ்களைப் பற்றியே கதைத்தீர்கள். வெளிக்கிடும்போது கதவடியில் நின்றுதான் சொன்னீர்கள்: "தம்பி, அவனுக்கு ஒரு குடி வழக்கு இருந்தது. கள்ளுத்தான், சாராயம் இல்லை." அன்றைக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

முதலில் கள்ளு விஷயம். குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கில், என்ன குடித்தார் என்று சட்டம் பார்ப்பதில்லை. இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதுதான் எல்லை. தவறணைக் கள்ளும் கணக்கில் வரும். நேர்முகத் தேர்வில் இந்த நியாயத்தை மகன் சொல்லவே கூடாது.

2020 தை மாதம் விசுவமடுவில் கலியாண வீடு, திரும்பி வரும்போது பரந்தன் வீதியில் பொலிஸார் மறித்து, குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூன் ஊத வைத்தார்கள், கிளிநொச்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25,000 ரூபாய் கட்டினார், லைசன்ஸ் ஆறு மாதம் நிறுத்தம். நீங்கள் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய காசு. "தண்டம் கட்டியாச்சு, வழக்கு முடிஞ்சுது" என்றீர்கள். வழக்கு முடிந்தது உண்மை. ஆனால் குற்றவாளி என்று தீர்ப்பாகித்தான் முடிந்தது. ஹெல்மெட் போடாததற்குப் பொலிஸ் எழுதித் தரும் துண்டுக்குத் தபால் கந்தோரில் காசு கட்டுவது போன்றதல்ல இது. என்னிடம் வருகிற பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள். அவர்கள் இடறுகிற இடமும் இதுதான்.

அரசாங்க வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும்: எப்போதாவது நீதிமன்றத்தால் குற்றவாளியாகக் காணப்பட்டீரா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. "எப்போதாவது" என்றால் எத்தனை வருடம் போனாலும் எப்போதாவதுதான். மகன் "ஆம்" என்ற பெட்டியில்தான் அடையாளமிட வேண்டும், கீழே விபரமும் எழுத வேண்டும். பொலிஸ் றிப்போட்டில் வருமா வராதா என்று கணக்குப் பார்ப்பது பிழை. படிவம் பொலிஸைக் கேட்கவில்லை, அவரைக் கேட்கிறது. அதே படிவத்தின் அடியில், தகவல் பொய்யென்று நியமனத்துக்குப் பிறகு தெரியவந்தாலும் வேலையிலிருந்து நீக்கலாம் என்று ஒப்பமிடுகிறோம். பழைய வழக்கைச் சொன்னவரை மன்னித்து எடுத்த இடங்களைக் கண்டிருக்கிறேன். மறைத்துப் பிடிபட்டவருக்காக நான் போய்க் கதைக்கவும் வழியிருக்காது.

விதானையார், அதாவது கிராம அலுவலர், தரும் நற்சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று கேட்டீர்கள். அது வேறு, பொலிஸ் நற்சான்றிதழ் வேறு. பொலிஸ் நற்சான்றிதழைக் கொழும்பில் பொலிஸ் தலைமையகம் கொடுக்கும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டார் போன்ற வெளிநாட்டு வேலைக்கு அதைக் கேட்பார்கள். "றிப்போட்டைக் கிளியர் பண்ணித் தாறன்" என்று யாராவது ஏஜென்சிக்காரர் சொன்னால், அக்கா, ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கனடாவில் இருக்கும் உங்கள் தங்கை கூப்பிடுவதாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அங்கே கதை இன்னும் இறுக்கம். 2018 டிசம்பர் 18 முதல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான உச்சத் தண்டனையை ஐந்திலிருந்து பத்து வருடமாக்கிவிட்டார்கள். அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றமாகிவிட்டது. இலங்கையில் பட்ட வழக்கையும் தங்கள் சட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். அந்தத் தேதிக்கு முந்திய வழக்கென்றால் பத்து வருடம் போக, பெரும்பாலும் தானாகவே தடை நீங்கும். மகனுடையது 2020. தண்டனை முழுக்க முடிந்து ஐந்து வருடமானபின், திருந்திவிட்டேன் என்று தனியாக விண்ணப்பித்துத்தான் அனுமதி எடுக்கலாம். லைசன்ஸ் திரும்பிய நாள் எங்காவது எழுத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அந்தத் தேதி தேவைப்படும்.

இப்போது வேலை. அறிவியல் நகரில் படித்து வாகனத் திருத்துநராக வெளியே வந்த பொடியன், ஏன் சாரதி வேலைக்கே விண்ணப்பிக்கிறார்? வாகனத்தைக் கையில் கொடுக்கிறவர் இந்த வழக்கைப் பார்த்துத் தயங்குவது நியாயம்தான், நானாக இருந்தாலும் தயங்குவேன். வேர்க்ஷொப்பில் அவருடைய கையைத்தான் பார்ப்பார்கள். இரண்டு வருடம் அங்கே நின்று, முதலாளியிடம் ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு, பிறகு மிதிவெடி அகற்றும் நிறுவனங்களின் சாரதி வெற்றிடங்களுக்குப் போடட்டும். இது என் அபிப்பிராயம். அவர் வேறு மாதிரி நினைத்தால் வந்து வாதாடட்டும், கேட்கிறேன்.

நேர்முகத் தேர்வில் வழக்கைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? மூன்று வசனம் போதும். "2020இல் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓடிப் பிடிபட்டேன். தண்டமும் கட்டினேன், ஆறு மாதம் லைசன்ஸும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வழக்கும் இல்லை." கூட்டாளிமார் ஊற்றித் தந்தார்கள் என்ற கதை வேண்டாம். கேட்காத இடத்தில் தானாக எடுத்து வைக்கவும் வேண்டாம்.

தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு வீட்டில் இல்லையென்றால், நீதிமன்றப் பதிவாளரிடம் வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதிக்கு எழுதிக் கொடுக்கலாம். வழக்கு இலக்கம் தெரிந்தால் தேடுவது சுகம். வியாழக்கிழமை காலமை வாருங்கள், அன்றைக்குச் சனம் குறைவு. ஆனால் இந்த முறை அவரையும் கூட்டி வாருங்கள் அக்கா. அந்தப் பெட்டியில் அடையாளமிடப் போவது அவருடைய கை.