இரண்டையும் படிப்பிக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: அம்பாறை மாவட்டக் கரையோரப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். வேலைக்கு வந்து மூன்று வருடம். கூர்ப்புப் (பரிணாமம்) பாடம் தொடங்கிய கிழமை பெற்றோர் சிலர் அதிபரைச் சந்தித்திருக்கிறார்கள். “கூர்ப்பு வெறும் கொள்கைதானே. உயிர்களை அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்று சொல்லும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்று இன்னொரு விஞ்ஞானக் கொள்கையும் இருக்கிறது. இரண்டையும் சொல்லட்டும், பிள்ளைகள் முடிவெடுக்கட்டும்” என்று சொல்லி ஒரு வீடியோவையும் கொடுத்திருக்கிறார்கள். அதிபர் நல்ல மனிதர். “ஒரு பாடவேளைதானே, போட்டுக் காட்டிவிடுங்கள், பிரச்சினை முடிந்துவிடும்” என்கிறார். நானும் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவள். மறுத்தால் என் விசுவாசத்துக்குத் துரோகம், காட்டினால் என் தொழிலுக்குத் துரோகம் என்று மனம் அலைபாய்கிறது. என்ன செய்ய?
– ஆசிரியை, அம்பாறை மாவட்டம்

பதில்: மகள், வீடியோவைப் போட வேண்டாம். அதிபரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்வதற்கு உங்கள் கையில் காரணம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் சற்று நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் சங்கடம் ஏற்கெனவே ஒரு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிறிய ஊர். 2004இல் அங்குள்ள பாடசாலைச் சபை, கூர்ப்புப் பாடத்துக்கு முன் ஒரு சிறு அறிக்கையை வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. கூர்ப்பில் இடைவெளிகள் உண்டு, அறிவார்ந்த வடிவமைப்பு என்று வேறொரு விளக்கமும் உண்டு என்பதுதான் சாரம். உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பர் 20ஆம் திகதி நீதிபதி ஜோன் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை எழுதினார். அறிவார்ந்த வடிவமைப்பு விஞ்ஞானம் அல்ல, அது, இறைவன் உயிர்களை நேரடியாகப் படைத்தான் என்னும் படைப்புவாதத்தின் மறுபெயர் என்றார். அவர் ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி. சமயத்துக்கு எதிரி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

அந்த விசாரணையில் வெளிவந்த இரண்டு விடயங்களை அதிபரிடம் சொல்லுங்கள். ஒன்று, பாடசாலைச் சபை பரிந்துரைத்த அறிவார்ந்த வடிவமைப்பு நூலின் பழைய வரைவுகள். 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படைப்புவாதத்தை அரச பாடசாலையில் விஞ்ஞானமாகப் படிப்பிக்க முடியாது என்று தீர்த்த பிறகு, அந்த நூலில் ‘படைப்பு’ என்று இருந்த இடங்களில் ‘வடிவமைப்பு’ என்று மாற்றியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லும் புதிய சொல்லும் பாதிப்பாதியாக ஒட்டிக்கொண்டே கிடந்தன. மற்றது, அந்தக் கருத்தின் முக்கிய விஞ்ஞானி மைக்கல் பீஹியின் சாட்சியம். விஞ்ஞானக் கொள்கை என்பதற்குத் தான் கொடுக்கும் வரைவிலக்கணப்படி சோதிடமும் விஞ்ஞானக் கொள்கையாகிவிடும் என்று குறுக்கு விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். வீட்டில் சாதகம் பார்க்கிற பெற்றோர்கூட அதை உயர்தரப் பௌதிகத்தில் சேர்க்கச் சொல்லி வந்ததில்லை.

அந்தத் தீர்ப்பின் ஒரு பாதி நமக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அரச பாடசாலையில் சமயத்தைப் போதிக்கச் சட்டம் விடாது. அதனால் அங்கே சமயக் கருத்து விஞ்ஞானப் பாடத்தின் வாசல் வழியாக நுழையப் பார்த்தது. நம்முடைய நிலைமை வேறு. சைவநெறியும் இஸ்லாமும் கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் பாடங்களாகவே இருக்கின்றன. சாதாரண தரம் வரை ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் படித்து, பரீட்சையும் எழுதிவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. இறைவன் படைத்தான் என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்திருக்கிறது. உயிரியல் பாடவேளையும் அதற்கு எதற்கு? அப்படித் திறந்துவிட்டால், நாளைக்கு ஒரு சைவத் தகப்பனார் வந்து மச்சம், கூர்மம் என்று தசாவதாரத்திலேயே கூர்ப்பு இருக்கிறது, அதையும் சொல்லுங்கள் என்பார். அவருக்கும் இதே பதிலைத்தான் சொல்வேன்.

அடுத்தது ‘வெறும் கொள்கை’ என்ற பேச்சு. இதில் பாதிக் குற்றம் நம்முடைய சொல்லின் மேல். கட்சிக்கும் கொள்கை என்கிறோம், அரசாங்கத்துக்கும் கொள்கை என்கிறோம். விரும்பினால் பிடித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றுதான் அந்தச் சொல் பெற்றோரின் காதில் விழுகிறது. விஞ்ஞானத்தில் கொள்கை என்பது பல சோதனைகளில் தோற்காமல் நின்ற விளக்கம். நோய்களுக்குக் கிருமிகள் காரணம் என்பதும் ஒரு கொள்கைதான். பாடத்தின் முதல் பத்து நிமிடத்தை இந்த ஒரு சொல்லுக்கே கொடுங்கள்.

அப்புறம், குரங்கிலிருந்து தொடங்காதீர்கள். அறக்கொட்டியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வகுப்பில் வயல்காரர் பிள்ளைகள் இல்லாமல் இருக்காது. அரிசி மணியளவுகூட இல்லாத கபில நிறப் பூச்சி. தண்ணீருக்குச் சற்று மேலே தண்டின் அடியில் கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் பச்சை வயலுக்கு நடுவே வட்டமாக, நெருப்பு வைத்ததுபோல் பயிர் காய்ந்து நிற்கும். 1973இல் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இதை எதிர்த்து நிற்கும் ஐ.ஆர். 26 என்ற நெல்லை வெளியிட்டது. முதலில் பூச்சி அதில் தங்கவில்லை. இரண்டு மூன்று வருடத்திலேயே அதே நெல்லை அது தின்னத் தொடங்கிவிட்டது. கோடிக்கணக்கான பூச்சிகளில் ஏதோ சிலவற்றுக்கு அந்த நெல்லில் பிழைக்கும் தன்மை முன்பே இருந்தது. மற்றவை அழிந்தன, அந்தச் சிலவற்றின் குஞ்சுகள் வயலை நிரப்பின. இதுதான் இயற்கைத் தேர்வு. 1976இல் வேறொரு எதிர்ப்புப் பரம்பரையலகோடு (ஜீன்) ஐ.ஆர். 36 வந்தது. பிறகு அவர்கள் தேடிப்போன பரம்பரையலகுகளில் ஒன்று நம் நாட்டுப் பாரம்பரிய நெல்லான ரத்து ஹீனட்டியில் இருந்தது. இயற்கைத் தேர்வு தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. நெல் இனங்களை மாற்றி மாற்றிப் போடச் சொல்வதன் காரணமும் அதற்குள்தான் இருக்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழும்பி, “மிஸ், அறக்கொட்டி அறக்கொட்டியாகத்தானே இருக்கிறது?” என்று கேட்கும். நல்ல கேள்வி, தட்டிக் கழிக்காதீர்கள். மீனுக்கும் நான்கு கால் விலங்குக்கும் இடைப்பட்ட உயிர் ஏறக்குறைய 37 கோடி வருடப் பழைமையான பாறையில் கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த வயதுப் பாறையைத் தேடிக் கனடாவின் வடதுருவப் பகுதிக்கு ஆய்வாளர்கள் போன கதையைச் சொல்லுங்கள். பல முறை போய், 2004இல் ரிக்டாலிக் என்ற அப்படிப்பட்ட உயிரின் சுவட்டைக் கண்டெடுத்தார்கள். செதிலும் செட்டையும் மீனுடையவை. ஆனால் தலையைத் திருப்பக் கழுத்து இருந்தது, செட்டைக்குள்ளே கை எலும்புகளின் சாயல் இருந்தது. எங்கே தேட வேண்டும் என்று கூர்ப்புக் கொள்கை முன்கூட்டியே சொன்னது. ‘இது சிக்கலாக இருக்கிறது, ஆகவே ஒருவர் வடிவமைத்தார்’ என்பது எந்தப் பாறையைத் தோண்டச் சொல்லும்? அந்த வீடியோவில் பற்றீரியா நீந்த உதவும் வால்போன்ற சவுக்குமுளை கட்டாயம் வரும். ஒரு பாகத்தை எடுத்தாலும் அது இயங்காது, ஆகவே படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாது என்பார்கள். அதன் அடிப்பகுதிப் புரதங்களை ஒத்த ஒரு தொகுதி, பிளேக் நோய்ப் பற்றீரியாவில் ஊசிபோல நஞ்சைச் செலுத்தும் வேலையைச் செய்கிறது. பாதிப் பாகங்களுக்கும் தனி வேலை இருக்கிறது.

இதை டோவர் வழக்கில் எடுத்துச் சொன்னவர் கெனத் மில்லர். அந்தப் பாடசாலையின் உயிரியல் பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். பக்தியுள்ள கத்தோலிக்கர். 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று எழுதினார். நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை, அதனால் அதை உங்கள்மேல் சுமத்தவில்லை. விசுவாசத்தையும் இந்தப் பாடத்தையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் தனியாள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் மாவட்டத்திலேயே காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்தவர், பிறகு துறவியானவர்.

ஒன்றே ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நான் படிப்பித்த காலத்தில், பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை மேசைக்கு வந்து, “அப்ப எங்கட அம்மா சொன்னது பொய்யா ரீச்சர்?” என்று கேட்டது. அடுத்த வகுப்புக்கு அவசரம். “சோதனைக்கு இருக்கிறதைப் படி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்தப் பிள்ளை பிறகு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. இன்றைக்கும் அது என் மனதைவிட்டுப் போகவில்லை. உங்களிடம் அப்படி ஒரு பிள்ளை வந்தால் இருத்திப் பேசுங்கள். உயிர்கள் எப்படி மாறின என்பதை இந்தப் பாடம் சொல்கிறது, உலகம் ஏன் இருக்கிறது என்று அம்மா சொன்னதை அது தொடவில்லை என்று சொல்லுங்கள். நீங்களும் ஆலயம் போகிறவர் என்பதையும் சொல்லலாம், தப்பில்லை.

வீடியோ தந்த பெற்றோரைத் தவிர்க்க வேண்டாம். அதிபர் முன்னிலையில் கூப்பிட்டுக் கதையுங்கள். உங்கள் பாடக் குறிப்பைக் காட்டுங்கள். விரும்பினால் பின்வாங்கில் இருந்து ஒரு பாடத்தைக் கேட்கட்டும். பெரும்போகத்தில் அறக்கொட்டி விழுந்த வயல் யாருக்காவது இருந்தால், ஒரு பிடி பயிரை வேரோடு பிடுங்கி, பூச்சி பறக்காமல் பையில் கட்டி, பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். ஆய்வுகூடத்தில் கைவில்லை இருக்கும்தானே?