கடலோரக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் இலவசமாகப் பாடம் நடத்தினால் பயன் இருக்குமா?

மதுரையில் வேலை பார்ப்பதாகவும், நண்பர்களோடு ஏப்ரல், மே மாதங்களில் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் வந்து பாடம் நடத்த விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இருந்திருந்தால் கோடையைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், வீட்டில் காசு இருக்காது. சில குடும்பங்கள் பிழைப்புக்கு வெளியூர் போய்விடும். வளர்ந்த பையன்களை நாட்டுப்படகுக்காரர்கள் வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுக்கக் கூப்பிட்டுக்கொள்வார்கள். நீங்கள் வரும்போது உங்களுக்குப் பிள்ளைகள் கிடைப்பார்கள், ஆனால் இரண்டு மாதம் தொடர்ந்து அதே பிள்ளைகள் கிடைக்க மாட்டார்கள்.

நான் இந்தக் கரையில் பிறந்தவள். கணக்கில் பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருந்த நேரத்தில், 2021 அக்டோபரில், தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப் பக்கத்திலேயே சாயங்காலம் பாடம் நடத்துகிற 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அரசு தொடங்கியது. கொரோனாவால் ஒன்று முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகள் 2020 மார்ச்சிலிருந்து வகுப்பறையையே பார்க்கவில்லை. பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. டிவியிலும் போனிலும் பாடம் நடந்தது என்பார்கள். எங்கள் தெருவில் அந்தப் போன் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். நான் பெயர் கொடுத்தேன். சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. "சம்பளம் வாங்கினால் அது எப்படித் தன்னார்வம்?" என்று கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: அந்த ஆயிரத்தில் பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் வாங்கியவள் நான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த அத்தனை அக்காக்களும் வாங்கினார்கள். அந்தப் பணத்தை வாங்கியதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுவான். எழுதியதைப் படிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வான். எழுத்தை வரைந்துகொண்டிருந்தானே தவிர வாசிக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரே ஆள் இரண்டு மூன்று வகுப்பைச் சேர்த்து உட்காரவைத்து நடத்தும்போது, சத்தமில்லாமல் எழுதுகிற பையன்மேல் எப்படிச் சந்தேகம் வரும்?

பாடப்புத்தகத்தை மூடிவைத்தேன். சூடை, காரல், நகரை, சீலா, பாறை, ஊளி என்று அவன் வாயில் தினமும் புழங்குகிற மீன் பெயர்களை எழுதிக் காட்டினேன். ரகர றகரக் குழப்பம் காரலிலும் பாறையிலும் தீர்ந்தது. வகுத்தலும் அப்படித்தான். நோட்டில் கணக்குப் போட்டால் கையைக் கட்டிக்கொள்வான். அதையே, "மீன் பாடு 4,800 ரூபாய், செலவு 1,200 போச்சு. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு எவ்வளவுடா?" என்றால், நான் வாயை மூடுவதற்குள் "அறுநூறு அக்கா" என்பான். அவனுக்கு வகுத்தல் ஏற்கெனவே தெரியும், அதைத் தாளில் இறக்கத்தான் தெரியவில்லை. வலைக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நடுவில் அவன் வருவதை நிறுத்தினான். அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவர். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி வருகிற நாட்களில் விடிந்ததும் கிளம்பினால், திரும்பி வந்து பாசியைக் காயப்போட்டு நிமிர்வதற்குள் பொழுது போய்விடும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இவன்தான். "தம்பியையும் தூக்கிக்கிட்டு வா" என்று வீட்டுக்கே போய்ச் சொன்னேன். வந்தான். குழந்தை பாயில் தூங்கும், இவன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பான். அப்பா விடுதலையாகி வந்தபோது செய்தித்தாளில் பெயர்ப் பட்டியலை அவனே படித்துக் காட்டியதாக அவன் அம்மா வந்து சொன்னார். வெளியூரிலிருந்து சனி ஞாயிறு மட்டும் வந்திருந்தால், அவன் ஏன் வரவில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது அவன் பஸ்ஸில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறான். பஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீன் கூடையோடு நிற்கிற பெண்களைப் பார்த்தால் பஸ்ஸைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், அல்லது நிறுத்துவதே இல்லை. அதே நிறுத்தத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கும் பஸ் போய்விடுகிறது. கூடையில் வருகிற மீனைத் தின்னும்போது யாருக்கும் நாறுவதில்லை. விடியற்காலையில் எழுந்து ஏலத்தில் மீன் எடுத்து, தலைச்சுமையாக விற்றுப் பிள்ளையைப் படிக்கவைக்கிற அம்மாவை நடுரோட்டில் ஓடவைக்கிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். இது நீங்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயன் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. வெளியிலிருந்து வந்து பை கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போன குழுக்களைப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். எல்லாக் குழுவும் அப்படி என்று சொல்லவில்லை. போனவர்கள் திரும்ப வராததில் பிள்ளைகளுக்கு வருத்தம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஊரிலும் பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரியோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் ஒருத்தி இருப்பாள். அவளைத் தேடுங்கள். உங்கள் பயணச் செலவையும் பைச் செலவையும் சேர்த்து மாதாமாதம் அவளுக்குக் கொடுங்கள், குறைந்தது ஒரு முழுப் பள்ளி ஆண்டுக்கு. தடைக்காலம் முடிந்து ஜூன் கடைசியில் தொடங்குங்கள். நீங்கள் மாதம் ஒருமுறை வந்து, அவளுக்குச் சிரமமான அறிவியல், ஆங்கிலப் பாடங்களில் கைகொடுத்தால் போதும். ஊர்த் தலைவரைப் பார்த்துப் பேசினால் வலை பின்னுகிற கூடத்தைச் சாயங்காலம் தருவார்கள். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. அங்கே விளக்கு இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சார்ஜ் விளக்கு இரண்டு வாங்கி வாருங்கள்.