மலை ஏறினால் இழுக்காத ராஜ்தூத் 350: இடது சிலிண்டரில் தேட வேண்டியவை

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். 1986 மாடல் ராஜ்தூத் 350, அப்பா ஓட்டியது. வாரம் ஒருமுறையாவது குமுளி போய் வருகிறேன். லோயர் கேம்ப் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் இடது சிலிண்டர் இழுப்பதில்லை. போன மாதம் இறங்கும்போது எஞ்சின் இறுகி, பின்சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கொண்டது. ஆறியதும் கிக்கர் இறங்கியது, வீடு வந்துவிட்டேன். இடது பிளக் வெள்ளையாக இருக்கிறது, வலது பிளக் கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. எக்ஸ்பான்ஷன் சேம்பர், கோன் ஃபில்டர், பெரிய ஜெட், டிஸ்க் பிரேக் எல்லாம் போட நினைக்கிறேன். வீட்டிலேயே செய்ய முடியுமா? எதில் தொடங்குவது?

பதில்: பெரும்பாலான வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சேம்பரும் (அசல் சைலன்சருக்குப் பதில் போடும் குழாய்) கோன் ஃபில்டரும் (காற்றுப் பெட்டியை எடுத்துவிட்டுப் போடும் கூம்பு ஃபில்டர்) இப்போது வேண்டாம். இறுகிய எஞ்சினை அப்படியே மலையில் ஓட்டிக்கொண்டிருப்பதை முதலில் நிறுத்துங்கள். ஆறியதும் ஓடியது என்பதால் சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். பிஸ்டனின் அலுமினியம் போரின் (சிலிண்டரின் உட்துளை) சுவரில் ஈஷியிருக்கும், அடுத்த முறை இதைவிட மோசமாகப் பிடிக்கும்.

இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கை டியூன் செய்வது என்றால் முதலில் இரு பக்கத்தையும் ஒரே மாதிரி வேலை செய்ய வைப்பதுதான். உங்கள் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி கார்புரேட்டர், தனி பாயிண்ட் (ஸ்பார்க்குக்கான சுவிட்ச்), தனி காயில், தனி ஆயில் குழாய், தனி சைலன்சர். கிராங்க் அறைகூட நடுவில் சீல் வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆக, ஒரு பக்கம் பழுதானாலும் மற்றப் பக்கம் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். சமதரையில் குறை தெரியாமல் ஏற்றத்தில் மட்டும் தெரிவது இதனால்தான்.

நீங்கள் எழுதிய இரு பிளக்கின் நிறத்திலேயே பாதி விடை இருக்கிறது. இந்த எஞ்சினில் கிராங்கின் இடக்கோடியில் ஆல்டர்னேட்டரும் பாயிண்டும் இருக்கின்றன. அந்தப் பக்கம் எண்ணெய் இல்லாத வறண்ட பக்கம். அங்குள்ள ஆயில் சீல் காய்ந்து விறைத்தால் கிராங்க் அறைக்குள் வெளிக்காற்று புகும், கலவையில் பெட்ரோல் பங்கு குறையும், பிளக் வெளுக்கும், பிஸ்டன் சூடேறும். வலக்கோடியில் கிளட்ச் இருக்கிறது. அந்த சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும், வலது சைலன்சரில் வெள்ளைப்புகை தள்ளும், பிளக் பிசுக்காகும். கியர் ஆயில் அளவை இன்று பார்த்துவிட்டு, ஓட்டிய பிறகு மறுபடி பாருங்கள். வெளியே ஒழுகாமல் அளவு குறைகிறது என்றால் வலது சீலும் போய்விட்டது. இத்தனை வயது வண்டியில் இரண்டும் சேர்ந்தே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

சீலைக் கைவைக்கும் முன், செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். இரு பிளக்கையும் இடம் மாற்றிப் போட்டு, சமதரையில் சிறிது தூரம் ஓட்டுங்கள். பழுது பிளக்கோடு பக்கம் மாறினால் பிளக்தான் காரணம். இந்த வண்டிக்கு என்ஜிகே பி8ஹெச்எஸ் சரியான பிளக், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. கருக்கிறதே என்று இன்னும் சூடான பி7 வகைக்கு மாறி மலை ஏறாதீர்கள். அடுத்து, எஞ்சின் சூடாக இருக்கும்போது இரு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து, கம்ப்ரஷன் மீட்டரோடு ஆறேழு கிக் அடியுங்கள். 110 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கட்டும். இரு பக்கத்துக்கும் 10 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் கூடாது.

ஐடிலிங்கில் ஓடும்போது இடது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் மேனிஃபோல்டைச் சுற்றி கார்புரேட்டர் கிளீனரைச் சிறிது அடியுங்கள். வேகம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. இரு மேனிஃபோல்டையும் இணைக்கும் சின்ன பேலன்ஸ் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அதன் அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கும். ரப்பர் இறுக்கமாக இருந்தும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகு வேகம் உடனே இறங்காமல் தொங்கினால் சீலைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, எக்ஸாஸ்ட் வாயையும் மேனிஃபோல்டையும் ரப்பர் தக்கை வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். பழைய பிபி மீட்டரின் கைப்பம்பே போதும், 6 பிஎஸ்ஐ என்பது அதில் ஏறத்தாழ 300. ஆறு நிமிடம் நின்றால் நல்லது. விறுவிறுவென்று இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். பக்கவாட்டு சீலை எஞ்சினைப் பிரிக்காமல் மாற்ற முடிவதும் உண்டு. நடு சீல் போயிருந்தால் கிராங்கையே பிரிக்க வேண்டும், அதற்கு பிரஸ் உள்ள பட்டறைதான் வழி.

இறங்கும்போது ஏன் இறுகியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பாதை அப்படி. இந்த வண்டியில் டூ டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) தருவது ஆட்டோலூப் பம்ப். அது எஞ்சின் சுற்றுக்கும் ஆக்சிலேட்டர் திறப்புக்கும் ஏற்பத்தான் ஆயில் தரும். ஏறும்போது முழுத் திறப்பில் பிஸ்டன் நன்றாகச் சூடாகியிருக்கும். திரும்பும்போது இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை மூடி, எஞ்சினையே பிரேக்காக வைத்து இறங்குகிறீர்கள். சுற்று 4,000, 5,000 என்று இருக்கும், ஆனால் திறப்பு பூஜ்யம். பெட்ரோலும் குறைவு, ஆயிலும் மிகக் குறைவு. உள்ளே போகும் பெட்ரோல்தான் பிஸ்டனைக் குளிர்விக்கும், அதுவும் இல்லை. ஏற்கெனவே காற்று புகும் இடது பக்கம் முதலில் இறுகியதில் வியப்பில்லை.

ஆகவே குமுளியில் வண்டியை நிறுத்தி ஆற விடுங்கள். இறங்கும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து மூடுங்கள். இடது கையின் இரு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். எஞ்சின் சத்தம் திடீரென்று கனத்து வேகம் விழுந்தால், அந்த நொடியே கிளட்சைப் பிடித்துவிடுங்கள்.

இடது சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள். கோடுகள் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் ஆயில் குறைவு அல்லது மெலிந்த (பெட்ரோல் பங்கு குறைந்த) கலவை. சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கும்போது சுற்றிலும் நான்கு இடத்தில் தேய்த்திருந்தால், போர் இறுக்கம் அல்லது ஆறிய எஞ்சினை உடனே விரட்டியது. போரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டினால் போரிங் (உட்துளையைக் கடைந்து பெரிதாக்குவது) செய்தே ஆக வேண்டும். அசல் போர் 64 மி.மீ., ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25 மி.மீ. ஏற்றத்தில் 1 மி.மீ. வரை உண்டு. ஒரு பக்கம் மட்டும் போர் செய்யாதீர்கள், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள். பிஸ்டனை வாங்கி லேத் பட்டறையில் கொடுத்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்லுங்கள், இடைவெளி 0.045 மி.மீ. அளவில் இருக்கட்டும். ரிங் முனை இடைவெளி 0.2 முதல் 0.4 மி.மீ. போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள துளை) ஓரங்களை மழுக்கித் தரச் சொல்ல மறக்காதீர்கள், கூராக விட்டால் ரிங் மாட்டி உடையும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் முனைகள் ரிங் பள்ளத்திலுள்ள சின்ன ஊசிக்கு நேராக, சர்க்ளிப் (பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் வளையம்) எப்போதும் புதிது.

மறுபடி பூட்டியதும் ஆட்டோலூப்பையும் பாருங்கள். பம்பிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் போகும். ஒன்றில் காற்றுக்குமிழ் நின்றால் அந்தச் சிலிண்டர் பட்டினி. டேங்கில் லிட்டருக்கு 30 மில்லி ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி, ஐடிலிங்கில் ஓட்டி, பம்ப் புல்லியைக் கையால் முழுக்க இழுத்துப் பிடியுங்கள். இரு குழாயிலும் எண்ணெய் ஒரே மாதிரி துடித்து நகர வேண்டும். காற்று தெரிந்தால் பம்பின் பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழ் நிற்கும் வரை வடிய விடுங்கள். கேபிளின் தொய்வு நீங்கிய நிலையில் புல்லியின் குறி அதிலுள்ள சின்ன ஊசிக்கு நேராக நிற்க வேண்டும். பம்பின் குறைந்தபட்ச ஸ்ட்ரோக் 0.20 முதல் 0.25 மி.மீ. பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கலந்தே ஊற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. நல்ல பம்பாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நிதானமாக எந்தக் கையாலும் கலக்க முடியாது.

டைமிங்கை அடுத்து எடுங்கள். இது பேட்டரியில் ஓடும் பாயிண்ட் இக்னிஷன். பேட்டரி தளர்ந்தால் ஸ்பார்க் தளரும், எனவே முதலில் மல்டிமீட்டர் பிடியுங்கள். நிறுத்தியிருக்கும்போது 12.6 வோல்ட், எஞ்சின் வேகம் கூட்டினால் 14க்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். பழைய ரெகுலேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுவது பணத்துக்கு மதிப்புள்ள மாற்றம்.

பாயிண்ட் இடைவெளி ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 மி.மீ. பிளக் இரண்டும் வெளியே, நடு ஸ்டாண்டில், டாப் கியரில், பின்சக்கரத்தைக் கையால் முன்னோக்கி மெல்ல உருட்டினால் கிராங்க் சுற்றும். பிளக் துளையில் டயல் கேஜ் (பிஸ்டன் நகரும் தூரத்தைக் காட்டும் கருவி) மாட்டி, பிஸ்டன் உச்சியில் பூஜ்யம் வையுங்கள். கொஞ்சம் அதிகமாகவே பின்னால் திருப்பி, திரும்ப முன்னோக்கி வந்து உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால் நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஒரு 12 வோல்ட் சின்ன பல்பைப் பாயிண்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, சாவியைப் போடுங்கள். மூடியிருக்கும்வரை அணைந்திருக்கும், திறந்த நொடி எரியும். ஒரு பாயிண்ட் பெரிய தட்டோடு சேர்ந்தது, மற்றது அதன் மேலுள்ள சின்னத் தட்டில் இருப்பது. பெரிய தட்டுப் பாயிண்ட்டை முதலில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றைச் சரிசெய்து மற்றதைக் கெடுப்பீர்கள். இரண்டுக்கும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மலைக்கு ஓட்டுபவர் 1.8 மி.மீ.யில் வைத்தாலும் நஷ்டமில்லை. 2.0க்கு மேல் போனால் பிஸ்டன் தலையில் துளை விழும் அபாயம்.

கார்புரேட்டரில் முதலில் இரு ஜெட்டின் எண்ணையும் லென்ஸ் வைத்துப் படியுங்கள். யாரோ ஒரு காலத்தில் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று போட்டிருப்பது இந்த வண்டிகளில் சகஜம். மிதவைகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று வெர்னியரால் அளந்து, ஏர் ஸ்க்ரூ இரண்டையும் ஒன்றரைச் சுற்றுத் திறப்பில் வையுங்கள். ஃபில்டரைக் கழற்றி, 2 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை இடது சிலைடின் (கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் அடைப்பான்) அடியில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை மெல்லத் திருப்புங்கள். பிட் நழுவி விழும் கணத்தில் வலது சிலைடின் அடியிலும் அதே அளவு விழ வேண்டும். விழாவிட்டால் கேபிள் அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். கேபிளைத் தொட்டதும் ஆயில் பம்ப் குறியை மறுபடி பார்க்க வேண்டும்.

ஜெட் அளவைப் பொறுத்தவரை, உங்கள் ஊரில் இரண்டு விஷயம் எதிரெதிராக இழுக்கிறது. கம்பத்தைவிட குமுளி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறையும், கலவை கொஞ்சம் கனக்கும் (பெட்ரோல் பங்கு கூடும்). இன்னொரு பக்கம், இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால் பழைய பெட்ரோலுக்கு வைத்த ஜெட்டில் கலவை சுமார் 7 சதவீதம் மெலியும். மலை உச்சியில் வண்டி லேசாக மந்தமாக ஓடினால் ஓடட்டும். ஜெட்டை அடிவாரத்துக்குத்தான் வைக்க வேண்டும். அசல் மெயின் ஜெட் 100 என்றால் 105 போடுங்கள், ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். பிறகு லோயர் கேம்ப் ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுத் திறப்பில் இழுத்து, பின்னால் வண்டி இல்லாதபோது கிளட்சைப் பிடித்து, அதே நொடி எஞ்சினை அணைத்து ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் இளம்பழுப்பாக இருக்கட்டும், வெளுத்திருந்தால் இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். பெட்ரோல் டியூபையும் இ20க்கு ஏற்றதாக மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தினால் கார்புரேட்டர் பெட்ரோலை வடித்துவிடுங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கோன் ஃபில்டர் வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். காற்றுப் பெட்டியை எடுத்தால் கலவை மேலும் மெலியும். அசல் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, டூ டி ஆயில் தடவிப் பிழிந்து போடுங்கள். எக்ஸ்பான்ஷன் சேம்பர் சுற்று ஏறிய பிறகு கொடுக்கும் சக்தி கொண்டை ஊசி வளைவில் உதவாது, சத்தத்துக்கு அபராதமும் உண்டு. அதற்குப் பதில் சைலன்சர் பேஃபிள்களை உருவிக் கார்பனைச் சுரண்டுங்கள். ஒரு பக்கம் அடைத்திருந்தாலே அந்தச் சிலிண்டர் இழுக்காது.

பணம் போட வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு. ஒன்று ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு). பழைய எஃகு இதழ் முறிந்தால் துண்டு எஞ்சினுக்குள் போகும், ஃபைபர் இதழ் முறிந்தாலும் அவ்வளவு சேதமில்லை. இதழுக்கும் இருக்கைக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் மாற்றுங்கள். மற்றது பிரேக். நம் வண்டிக்கு மூலமான ஜப்பானிய யமஹா ஆர்டி 350இல் முன்னால் டிஸ்க் இருந்தது, 1983இல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த நம் வண்டிக்கு டிரம்தான் வந்தது. அதையே முதலில் ஒழுங்கு செய்யுங்கள். டிரம்மை லேத்தில் வட்டம் எடுத்து, ஷூவை அதன் வளைவுக்குத் தேய்த்து, இரு கேமையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொடாவிட்டால் அந்தப் பிரேக் பாதிதான் வேலை செய்யும். டிஸ்க் வேண்டுமென்றால் ஃபோர்க், ஹப், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். அது வீட்டு வேலை அல்ல, ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

போரிங் செய்து பூட்டிய பிறகு முதல் 500 கி.மீ. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று சமதரையிலேயே ஓட்டுங்கள். பம்ப் வேலை செய்தாலும் முதல் டேங்குக்கு லிட்டருக்கு 15 மில்லி ஆயில் கூடுதலாகக் கலந்துகொள்ளுங்கள். 4,000 சுற்றைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஏற்றி இறக்குங்கள். 500 முடிந்ததும் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கையில் ஹெட் நட்டுகளைக் குறுக்குவாக்கில் ஒருமுறை இறுக்கி, கம்ப்ரஷனை மறுபடி அளந்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு குமுளிக்கு ஏறுங்கள்.