எழுதி வைத்த மறுப்பு

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகளில் பாதி திரும்பி வந்தது, பாதிக்குப் பதிலே இல்லை. போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கூட்டத்தில் கதை வாசித்தேன். மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும், 'இது கதையே இல்லை, விவசாய இலாகா அறிக்கை' என்றார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அவருக்கு நீண்ட மறுப்பு எழுதி வைத்திருக்கிறேன். வெளியிடலாமா, இல்லை எழுதுவதையே விட்டுவிடலாமா? கதையையும் மறுப்பையும் இணைத்திருக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டுமே வேண்டாம்.

உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோதுதான் 1887இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடு ஏடாகத் தேடி, பாடபேதம் பார்த்து, புரியாத இடங்களை ஜைனர்களின் வீட்டுக்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு செய்த வேலை. அதற்கும் குற்றம் கண்டுபிடித்துக் கண்டனம் அச்சிட்டு வெளியிட்டார்கள். அவரும் மனசு பொறுக்காமல் ஒரு பதில் எழுதி, உடன் இருந்த சாது சேஷையரிடம் காட்ட, அவர் அதை வாங்கிக் கிழித்தே போட்டுவிட்டார், இதில் இறங்கினால் உங்கள் காலம் முழுக்க இதிலேயே போய்விடும் என்று. ஐயரே தன் வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். அப்புறம் அதே கும்பகோணத்தில் இருந்துகொண்டு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

உங்கள் மறுப்பைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள், கதையைவிட வேகமாக. எனக்கு வருத்தம் அதில்தான், அவ்வளவு உழைப்பும் அந்த மனிதருக்குப் போயிருக்கிறது.

சபையில் வைத்து அவர் அப்படிப் பேசியது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கதையின் முதல் இரண்டு பக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்க வேண்டியது, எந்த வருடம் தள்ளிப்போனது, எத்தனை கனஅடி விட்டார்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நம் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்கு இது தேவையில்லை. மூன்றாம் பக்கத்தில், சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வெடிப்பு ஒவ்வொன்றையும் நிரப்பி நிரப்பி, கடைமடை வாய்க்காலில் தண்ணீர் ஊர்ந்து வருகிறது, அப்பா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு அதைப் பார்த்தபடியே அதற்கு முன்னால் பின்னோக்கி நடந்து வருகிறார். அங்கே கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதத் தெரிந்த ஆள் விட்டுவிடலாமா என்று கேட்பது எனக்குத் தாங்கவில்லை.

பதில் வராததை ரொம்ப மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிறுபத்திரிகை பலவற்றையும் ஒன்றிரண்டு பேர்தான், வேலைக்குப் போய்வந்த நேரத்தில் நடத்துகிறார்கள். இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டு, ஒரு வரி எழுதித் தெரிவித்துவிட்டு வேறு இடத்துக்கு அனுப்புங்கள்.

அப்பா செருப்பைக் கழற்றுகிற இடத்திலிருந்து கதையைத் தொடங்கி எழுதிப் பாருங்கள், கனஅடிக் கணக்கு ஒன்றுகூட வேண்டாம். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று பேசுவோம்.