'குசுகுசு' குழந்தைப் பேச்சா?

கேள்வி: சென்ற இதழின் சிறுவர் கதையை என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 'குசுகுசுவென்று பேசினாள்', 'சரசரவென்று ஓடியது', 'களுக்கென்று சிரித்தான்' என்று வரிக்கு வரி இதே மாதிரிச் சொற்கள். 'குசுகுசு' வந்ததும் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். காரணம் உங்களுக்கே தெரியும். ஆங்கிலத்தில் விஸ்பர், மர்மர், மம்பிள், ரஸல் என்று மெல்லிய ஒலிக்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கிறது. தமிழ் உரக்கப் பேசுகிறவர்களின் மொழி, அதில் இதற்கெல்லாம் சொல் கிடையாது என்பதால்தானே குழந்தைப் பேச்சை அச்சடிக்கிறீர்கள்? 'இரகசியமாகப் பேசினாள்' என்று நல்ல தமிழில் எழுதினால் என்ன?

– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அம்மா, பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ்க் கதை வாசிக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. ஆனால் கேள்விக்குள் நீங்கள் எழுதிவைத்திருக்கும் தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன்.

'இரகசியமாகப் பேசினாள்' என்றால் விஷயம் இரகசியம் என்பது மட்டும்தான் தெரியும். குரல் எப்படி இருந்தது என்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டு இரகசியத்தை உரக்கவும் பேசலாமே. கதையில் அந்தப் பெண், தூங்குகிற தம்பி விழித்துக்கொள்ளக் கூடாதென்று அக்காவின் காதோரம் பேசுகிறாள். அதில் இரகசியம் ஒன்றுமே இல்லை. 'குசுகுசு'வை எடுத்துவிட்டு அங்கே வைக்க வேறு சொல் என்னிடம் இல்லை.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'கிசுகிசு' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். காதோரம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை. மூச்சு மட்டுமே சொல்லைச் சுமக்கிறது. குரல் போன பிறகும் காதில் விழுவது 'சு'வின் உரசல்தான். கிசுகிசுவிலும் குசுகுசுவிலும் அதுதான் நிறைந்திருக்கிறது. இப்போது 'முணுமுணு' என்று சொல்லுங்கள். மகரமும் ணகரமும் மெல்லினம். மூக்கு வழியாகக் குரல் வருகிறது, விரலில் அதிர்வு தெரிகிறது. வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு தனக்குள் குறைபட்டுக்கொள்கிறவரிடமிருந்து நாம் கேட்பது இந்த ஒலியைத்தான். நீங்கள் கேட்ட விஸ்பரும் மர்மரும் இந்த இரண்டு சொல்லில் தனித்தனியாக நிற்கின்றன. முணுமுணுப்பவர் கொஞ்சம் வாயைத் திறந்துவிட்டால் அது 'மொணமொண' ஆகிவிடும்.

உயிரெழுத்தையும் கவனியுங்கள். குழந்தை கையில் ஆட்டுவது கிலுகிலுப்பை. கை நிறைய வளையல் போட்டால் கலகல. சின்ன மணி கிணுகிணு, கோயில் மணி கணகண. இகரம் வந்தால் ஒலி சிறுத்து மெலிகிறது, அகரம் வந்தால் விரிகிறது. அகராதியைப் புரட்டாமலே எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் இது காதில் பிடிபட்டுவிடும். இதைக் குழந்தைப் பேச்சு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் எத்தனையோ உண்டு. காய்ச்சலில் கிடப்பவர் முனகுவார். அழுகையை அடக்குபவர் விசும்புவார். மடியை விட்டு இறங்க மனமில்லாத குழந்தை சிணுங்கும். தொட்டால் சுருங்கும் செடிக்கும் அதனால்தான் தொட்டாற்சிணுங்கி என்று பெயர். அடக்க அடக்க மீறி வரும் சிரிப்பு 'களுக்'. ஓசையே படாமல் ஒரு காரியத்தை முடித்தால் காதும் காதும் வைத்தாற்போல முடித்தார் என்போம். பேசாதே என்று சொல்ல 'உஷ்', 'மூச்', 'கம்மென்று இரு', 'கப்சிப்' இருக்கின்றன. இத்தனைக்குப் பிறகும் சொல் இல்லை என்பீர்களா?

பேத்தி சிரித்ததற்கு வருகிறேன். சிரிக்கட்டும், தப்பில்லை. இப்படி இரட்டையாக வரும் சொல்லுக்கு இரட்டைக்கிளவி என்று பெயர். அதைப் பிரித்துச் சொன்னால் பொருள் தராது என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலிலேயே விதி சொல்கிறது. 'குசுகுசு'வில் பாதியைப் பிய்த்து எடுத்துப் பொருள் தேடினால் சிரிப்புத்தான் வரும். அவ்வளவு பழைய இலக்கணத்தில் தனி விதி பெற்ற சொல்லினம், அம்மா, இது. காதோடு சொல்வதற்குத் திருக்குறளிலும் ஒரு சொல் உண்டு. பெரியவர்கள் இருக்கும் அவையில் 'செவிச்சொல்லும் சேர்ந்த நகையும்' கூடாது என்கிறது 694ஆம் குறள். ஒருவர் காதில் சொல்வதும், அடுத்தவரோடு சேர்ந்து சிரிப்பதும். அப்புறம் ஊர்ப்பேச்சு. காதலைப் பற்றி ஊர் வாய்க்குள்ளேயே பேசுவது அம்பல், வெளியே பரவிவிட்டால் அலர். அலர் என்றால் மலர்வது. அம்பலை இன்னும் விரியாத மொட்டு என்று உரைகாரர்கள் விளக்கினார்கள். இன்று சினிமா வம்புக்குப் பெயராக நாம் சுருக்கிவிட்ட கிசுகிசு, இந்த அம்பலின் பேத்திதான்.

நாம் வாழும் மண்ணைக் கேட்டாலும் இதையே சொல்லும். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மொழியில் கிசுகிசுப்பதற்கு 'ஞெஞெஸா' என்பார்கள். அங்கேயும் ஒலி இரட்டிக்கிறது பாருங்கள். பேச்சு மூச்சற்று இருப்பதை 'ச்வாக' என்று ஒலிக்குறிப்பால் சொல்வார்கள். அதன் முதல் ஒலி, நாம் இரக்கப்பட்டு உச்சுக் கொட்டும்போது பல்லில் நாக்கை வைத்து எழுப்புகிற அதே ஒலி. இப்படிப்பட்ட சொல்லை வாக்கியத்தில் சேர்க்க அவர்கள் 'தி' என்ற வினையை வைக்கிறார்கள். அதற்குப் பொருள் 'சொல்' என்பது. நாம் 'குசுகுசுவென்று', 'சட்டென்று' என்கிறோமே, அந்த 'என்று'வும் 'சொல்லி' என்ற பொருள் உடையதுதான். கடலுக்கு இரண்டு கரையில் வளர்ந்த, உறவே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. ஜொஹானஸ்பர்க்கில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளெமென்ட் டோக், ஜூலுவும் சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்தின் இந்தச் சொற்களுக்கு 'ஐடியோஃபோன்' என்று 1935இல் பெயர் வைத்து இலக்கணத்தில் தனி இடம் கொடுத்தார். ஜூலு பேசுகிறவர்கள் இவற்றைப் பெருமையோடு பேசுகிறார்கள். நாம் மட்டும் ஏன் நம்முடையதைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டும்?

தமிழ் உரக்கப் பேசுகிறவர்களின் மொழி என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு வருத்தமாக இருந்தது. டர்பனில் தமிழை இப்போது நாம் எங்கே கேட்கிறோம்? காவடியில், கோயில் ஒலிபெருக்கியில், மேடை வாழ்த்துரையில். வீட்டுக்குள் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. முணுமுணுப்பதும் சிணுங்குவதும் களுக்கென்று சிரிப்பதும் மேடையில் நடக்கிற காரியமா? அவை வீட்டில் பிறக்கிற ஒலிகள். வீட்டில் பேசுவதை விட்டதும் முதலில் தொலைவது இவற்றுக்கான சொற்கள்தான்.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக டர்பன் வந்து சேர்ந்தவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும், மேடைத் தமிழை எடுத்துக்கொண்டு வரவில்லை. டர்பனுக்கு வடக்கே டொங்காட் பக்கம், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பேரக்ஸில் வளர்ந்தவர் என் ஆயா, அப்படித்தான் பாட்டியைக் கூப்பிடுவோம். ஒரே அறை, எட்டுப் பேர், நடுவில் ஒரு சாக்குத் திரை. பெரியவர்கள் பேசினால் அது குசுகுசுவாகத்தான் இருந்தாக வேண்டும் என்பார். "அங்க என்ன குசுகுசுன்னு?" என்று அவர் கேட்டால் நாங்கள் பிள்ளைகள் கப்சிப். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பள்ளியும் அல்ல.

ஆகவே கதையின் அடுத்த பகுதியிலும் இந்தச் சொற்கள் வரும். அதே சமயம் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கதையை மறுபடி பார்த்தபோது எங்கள் பிழை ஒன்று கண்ணில் பட்டது. ஒன்பதாம் பக்கத்தில் காற்றடித்துக் கரும்பு அசையும் இடத்தில் 'சரசரவென்று' என்று அச்சாகிவிட்டது. இலையோடு இலை மோதி அசைகிற ஒலிக்குச் சலசலதான் பொருத்தம். பனங்காட்டு நரி அஞ்சாததும் அந்தச் சலசலப்புக்குத்தான். எட்டாம் பக்கத்தில் காய்ந்த தோகை மேல் பாம்பு ஊர்ந்து ஓடுகிறதே, அங்கே சரசர சரி. ஒன்பதாம் பக்கத்தை மட்டும் பேனாவால் திருத்திவிட்டுப் பேத்திக்கு இன்னொரு முறை வாசித்துக் காட்டுங்கள், அம்மா.

– ஆசிரியர்